தலை வைத்துப் பார்த்த தலையணை

எங்கள் பட்டறைத் தலையணை ஒவ்வொன்றும் என் தலைக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். பஞ்சை அடித்து, உறையில் திணித்து, வாயைத் தைத்ததும் மூலையில் கிடக்கும் கட்டிலில் போட்டுத் தலை வைப்பேன். கழுத்து நோகிறதா, காதுக்குக் கீழே கட்டி உருள்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கையால் அழுத்திப் பார்த்து விற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையணையைக் கையில் வைத்துக்கொண்டா தூங்குகிறார்கள்?

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தொடங்கிய தொழில் இது. இறந்தாலும் அவர் என்னை விட்டுவிடவில்லை. மத்தியானம் கண் அசந்தால் கனவில் கட்டில் பக்கத்தில் வந்து நிற்பார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். "ஃபேன் வேகம் போதுமா?" என்பார். உயிரோடு இருந்தபோதும் அதையேதான் கேட்பார். போதும் என்றாலும் எழுந்து போய்க் கொஞ்சம் கூட்டிவைப்பார். நான் காலரைச் சரிசெய்து விடுவேன். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மிச்சப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் படிப்பை முடித்துவிட்டு வந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல பொருளை வெச்சுக்கிட்டு இந்த ஒரு தெருவுக்குள்ளயே சுத்திட்டிருக்கியேம்மா."

"அகலக் கால் வைக்காதடி."

"கால நான் வைக்கிறேன். நீ தலைய மட்டும் வை."

வாய் என்னிடமிருந்து வந்தது. யாரைக் குறை சொல்ல?

பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தாள். பஞ்சு அடிக்கப் பெரிய மெஷின் வந்தது, தையலுக்குப் பெண்கள் வந்தார்கள். உறையின் ஓரத்தில் ஒரு சின்னத் துணிச்சீட்டு வைத்துத் தைத்தார்கள்: 'முதலாளியம்மா தலை வைத்துப் பார்த்தது.' நான் கட்டிலில் கிடப்பேன். ஒருத்தி புதுத் தலையணையைத் தலைக்கடியில் நுழைப்பாள், இன்னொருத்தி உருவுவாள். "நாங்க படுத்தா திட்டு, உங்களுக்குப் படுக்கிறதே வேலை" என்று தையல்காரிகள் சிரிப்பார்கள். வியாபாரம் மளமளவென்று ஏறியது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதலில் சொன்னவர் பல் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் வேண்டும் என்று மறுபடி வாங்க வந்திருந்தார்.

"உங்க தலையணையில நல்லாத் தூக்கம் வருதும்மா. தினமும் ஒரே கனவுதான். யாரோ ஒரு மனுஷர் வந்து ஃபேன் வேகம் போதுமான்னு கேக்குறார்."

"காலர் மடங்கியிருக்குமா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

அவர் வாங்கியதை அள்ளிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அடுத்து லாரி டிரைவர் சொன்னார், பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள். வாங்கினவர்கள் எழுதுவதை மகள் போனில் வாசித்துக் காட்டினாள். வீட்டில் பெரியவர் ஒருவர் காவல் இருப்பது போல் இருக்கிறதாம், தனியாகப் படுக்கப் பயமே இல்லையாம். எங்களை வளர்த்தது துணிச்சீட்டும் இல்லை, மெஷினும் இல்லை. என் தலை பட்ட இடமெல்லாம் நான் இருக்கும் இடம் என்று நினைத்து என் வீட்டுக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் வருவது குறைந்து, ஒரேயடியாக நின்றும் போயிருந்தது.

மகளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்பா என் கனவுல ஒருநாள்கூட வந்ததில்லையேம்மா" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிநாட்டுக்கு ஒரு லோடு ஒத்துக்கிட்டேன்" என்றாள். அன்று வீட்டுக்குப் போகும்போது சத்தமில்லாமல் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு போனாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எந்தத் தலையணையிலும் தலை வைக்கவில்லை. ஆனால் உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய? போனவை போனவைதானே. மத்தியானங்களில் பழைய கட்டிலில் படுத்துக் கண்ணை மூடுவேன். தூக்கம் வரும், அதில் யாரும் வரமாட்டார்கள். எழுந்ததும் அழுகையாக வரும்.

பொத்தான் கடைக்காரிதான் நினைவுக்கு வந்தாள். எங்கள் மேலுறைகளுக்குப் பொத்தான் கொடுப்பவள். ஒண்டிக்கட்டை. அவளும் எங்கள் தலையணைதான் வைத்திருந்தாள், அவர் அவளிடமும் வந்துபோகிறார் என்று அவளே சொல்லியிருந்தாள். கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"அடுத்த தடவை வந்தா ஒண்ணு சொல்லு. நான் பட்டறைக் கட்டில்லயேதான் படுத்திருக்கேன், வேற எங்கயும் போகலைன்னு சொல்லு."

"சொல்றேன்க்கா" என்றாள். நல்ல பெண்.

சில நாள் கழித்துப் பொத்தான் டப்பாவோடு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன். ரொம்பக் களைச்சுப் போயிருந்தாருக்கா. 'போற வீட்டுலயெல்லாம் இதுதான் உங்க வீடுன்னு சொல்றாங்க. கைய விடமாட்டேங்கிறாங்க. நீ ஒருத்திதான் வேற இடம் சொல்றே. நான் யாரை நம்புறது?'ன்னு கேட்டார்."

"எல்லாருமா? அவங்க எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

"ஆளில்லாத வீடு எத்தனை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதுக்கா."

டப்பா மூடியைத் திறந்தாள், மூடினாள். கீழே பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவர் கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?"

"முதல்ல நீங்க சொன்னதையேதான் திரும்பச் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். கிளம்பிப் போறதுக்குக் கதவுகிட்ட போயிட்டார். அந்த முதுகைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கலைக்கா. பொய் சொன்னேன், நான்தான் உங்க சம்சாரம்னு சொல்லிட்டேன்."

"அவர்?"

"நம்பிட்டாருக்கா. இப்ப வேற எங்கயும் போறதில்ல."