திரியைச் சுற்றிய இருட்டு

1

பாடப்புத்தகத்துச் சுடர்ப் படம் ஒன்றுதான் இந்தக் கதைக்கு விதை. மெழுகுவர்த்திச் சுடரில் மூன்று பகுதி, மூன்று அம்புக்குறி. இதை வரைந்த மனுஷர் வீட்டில் என்ன சண்டையோ என்று யோசித்தேன். வேலையற்ற யோசனைதான், வந்துவிட்டது.

2

தொடக்கம்: மின்சாரம் போன ஒரு மாலையில் அவள்...

(சே! மெழுகுவர்த்தி என்றாலே மின்வெட்டா?)

பட்டப்பகல். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள் அறிவியல் ஆசிரியை. உள்ளறையில் அவள் கணவர், அந்தப் படத்தை வரைந்த ஓவியர், அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டி அடுக்குகிறார். சுடரிலேயே வெளிவிளிம்புதான் அதிகச் சூடு என்று படித்தவர், அதைச் செக்கச்செவேலெனத் தீட்டிவிட்டார். உண்மையில் அது கண்ணுக்கே சரியாகத் தெரியாத இளநீலம். வகுப்பில் படத்தைக் காட்டி இவள் சிரித்துவிட்டாள். சுவருக்கே காது உண்டு, வகுப்பறைக்குக் கேட்கவேண்டுமா? விஷயம் அவரிடம் போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சில்லை.

3

(இவளை எப்படி மன்னிப்புக் கேட்க வைப்பது? பாடம் நடத்தத்தான் இவளுக்கு வாய் வரும். சரி, நடத்தட்டும்.)

"ஏங்க, இந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்களேன். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

முறைத்துக்கொண்டே வந்தார். வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது! இடுக்கியில் கவ்விய கண்ணாடிக் குழாயை மஞ்சள் பகுதியில் நீட்டினார். நுனியில் கரி அப்பிக்கொண்டது.

"அங்க இல்லங்க. திரிய ஒட்டி இருட்டா இருக்கு பாருங்க, அதுக்குள்ள. அது இன்னும் எரியாத மெழுகு ஆவி."

குழாயின் மறுமுனையில் வெண்புகை கசிந்தது. அவள் தீக்குச்சியைக் காட்டினாள். அங்கேயும் ஒரு குட்டிச் சுடர்!

"அட!" என்றார். பிறகு மெதுவாக, "என் படத்துல இந்த இருட்டாவது சரியா?"

"அச்சு அசலா இருக்கு. நான் சிரிச்சதுதாங்க தப்பு. பிள்ளைங்க முன்னாடி அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது."

4

முடிவு அ: அவர் பெட்டியைப் பிரிக்கிறார். (அவ்வளவு சுலபமா?)

முடிவு ஆ: அவர் கதவைச் சாத்திக்கொண்டு... (எனக்கு மனசு வரவில்லை.)

ஆகவே இப்படி. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவர் சுடரை ஊதி அணைத்தார். பெட்டியைத் தூக்கிவிட்டார். ஆனால் திரியிலிருந்து எழும் புகையைப்* பார்த்து நின்றுவிட்டார்.

* அந்தப் புகையும் மெழுகு ஆவிதான். உடனே அதில் நெருப்பைக் காட்டினால் போதும்; திரியைத் தொடவே வேண்டாம், தீ தானாக இறங்கிப் பற்றிக்கொள்ளும்.

அவருக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரியும். தீப்பெட்டி அவள் கையில்தான் இருக்கிறது. புகை கலைவதற்குள் நீங்களே சொல்லுங்கள், உரசட்டுமா?