ஸெல்மாவின் படுக்கை விரிப்பு

ஸெல்மா படுத்தெழுந்த விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டால், அது சோவியத் ஆட்சி தடைசெய்திருந்த கொடியாகக் காய்ந்தது. கொதிக்கும் அண்டாவிலிருந்து எடுக்கும்போது பால் போல வெள்ளையாகத்தான் இருக்கும். கொடிக்கயிற்றில் ஈரம் வற்ற வற்ற இரண்டு ஓரமும் காய்ந்த ரத்த நிறத்துக்குப் போய்விடும். அவள் படுத்த இடம் மட்டும் நடுவில் ஒடுங்கிய வெள்ளைப் பட்டையாக நிற்கும். காயம்பட்ட தலைவன் ஒருவனை அந்தக் காலத்தில் வெள்ளைத் துணியில் கிடத்தினார்கள், அவன் கிடந்த இடம் தவிர இரண்டு ஓரமும் ரத்தத்தில் சிவந்தன, அப்படித்தான் லாத்வியக் கொடி பிறந்தது என்று கௌயா ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, பயந்தார்கள்.

சோவியத் படையை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த பையன்களுக்கு ரொட்டி கொடுத்ததற்காக அவள் கணவன் ரெய்னிஸைப் பிடித்துச் சைபீரியாவுக்கு அனுப்பிய வாரத்தில் இது தொடங்கியது. இன்னொரு விரிப்பு இப்படிக் காய்ந்தால் ரெய்னிஸ் திரும்பி வருவதை மறந்துவிடலாம் என்று மாவட்ட அதிகாரி சொல்லி அனுப்பினார். சேதி கொண்டுவந்த ஊர்க்காவலன் தொனாத்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், படுக்காதீங்க,” என்றான். “படுக்காம எப்படித் தம்பி தூங்கறது?” “குதிரை தூங்கலையா?” ஸெல்மா விரிப்பில்லாமல் படுத்துப் பார்த்தாள், மெத்தை சிவந்தது. வைக்கோலில் படுத்தாள், வைக்கோல் சிவந்தது, மாடு அதைத் தின்ன மறுத்தது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கப் பழகினாள். அது தூக்கமே இல்லை. கால் மரத்து எழுந்து நடப்பாள், ஜன்னலைத் திறந்து பாதையைப் பார்ப்பாள், மூடுவாள், மறுபடி உட்காருவாள். வருஷக்கணக்கில் அந்த வீட்டுப் பலகைத்தரை கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு எர்னாவுக்குக்கூடத் தூக்கம் கெட்டு, அந்த எரிச்சலில் அவள் கல்யாணமே செய்துகொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டாள்.

ஸ்டாலின் செத்து மூன்றாம் வருஷம் ரெய்னிஸ் பாதிப் பல்லோடு திரும்பி வந்தான். கட்டில் காலியாகவும் மனைவி நாற்காலியிலும் இருப்பதைப் பார்த்து, “என்னடி, கட்டில்ல பாம்பு படுத்திருக்கா?” என்று கேட்டான். “கொடி படுத்திருக்கு,” என்றாள் ஸெல்மா. கட்டில் ஒற்றைக் கட்டில். இருவரும் அதில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். திங்கட்கிழமை விரிப்பு காய்ந்தபோது இரண்டு உடம்புக்கும் சேர்த்து வெள்ளைப் பட்டை அகலமாகியிருந்தது. தொனாத்ஸ் நாடாவால் அளந்தான், மூன்று பட்டையும் ஒரே அகலம். பள்ளிக்கூடத்திலிருந்து பூகோளப் புத்தகத்தை வாங்கிவந்து புரட்டினான். “அக்கா, இது ஆஸ்திரியா,” என்றான். “அது எங்கப்பா இருக்கு?” “எங்கயோ இருக்கு. நமக்கு அவங்களோட சண்டை கிடையாது.” ஆஸ்திரியக் கொடியைத் தடைசெய்யும் சட்டம் ஏதும் இல்லாததால் கோப்பு மூடப்பட்டது.

அதன்பின் சேர்ந்து படுத்தே தீரவேண்டிய தம்பதி அந்த ஜில்லாவிலேயே அவர்கள் மட்டும்தான். அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தால் தொனாத்ஸ் வந்து கதவைத் தட்டுவான். “ரெய்னிஸ் அண்ணே, சண்டையெல்லாம் பகல்ல வச்சுக்குங்க.” ஒருமுறை ரெய்னிஸ் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸெல்மா பேசாமல் நாற்காலிக்குப் போனாள். அவன் வந்ததும் திரும்பிவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்திரியா ஆற்றங்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஊரெங்கும் மனிதர்கள் விடுதலை கேட்டுக் கூடிக்கூடிப் பாடத் தொடங்கிய வருஷம், பனி உருகும் முன்பே ரெய்னிஸ் தூக்கத்தில் இறந்துபோனான். ஸெல்மா நாற்காலிக்குப் போனாள். தரை மறுபடி கிறீச்சிட்டது. இலையுதிர் காலத்தில் கொடிக்கு அனுமதி வந்தது. கடைகளில் அந்தச் சிவப்புத் துணி ஒரு முழம்கூட இல்லை. நகர மன்றக் கோபுரம் வெறுமையாக நிற்க, எர்னா ஒரு கூட்டத்தோடு வந்தாள். “இனிமே பயமில்ல அக்கா. ஒரு ராத்திரி படுங்க, போதும்.”

“பயத்துல இல்லடி,” என்றாள் ஸெல்மா. அவள் படுக்காதவரை, ரெய்னிஸ் இல்லை என்று விரிப்பு சொல்லப்போவதில்லை. ஒரு வாரம் அவர்களைத் திருப்பி அனுப்பினாள், அந்த ஒரு வாரமும் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு ஒருநாள் கட்டிலின் தன் ஓரத்தில் ஒடுங்கி, ரெய்னிஸின் இடத்தை விட்டுவைத்துப் படுத்தாள்.

காயப்போட்டபோது தெருவே நின்று பார்த்தது. ஓரமாகப் படுத்தும் வெள்ளை நடுவில்தான் வந்தது, ஒடுங்கி, ஒற்றையாக. ஓய்வுபெற்றிருந்த தொனாத்ஸ் பழைய நாடாவைப் பிடித்துப் பார்த்தான். “சிவப்பு ரெண்டு பங்கு, வெள்ளை ஒண்ணு, சிவப்பு ரெண்டு. அளவு அச்சா இருக்கு அக்கா,” என்றான். எர்னா அழுதாள், ஜனங்கள் பாடினார்கள். ஸெல்மா கயிற்றருகே போய், வெள்ளையாக இருந்து சிவந்துபோன இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். “ஆமா. அளவு சரிதான்,” என்றாள்.

இப்போதும் நவம்பர் பதினெட்டாம் தேதி, லாத்வியச் சுதந்திர நாளன்று, நகர மன்றத்து ஆட்கள் வந்து விரிப்பை வாங்கிப்போய் ஏற்றுகிறார்கள். ஸெல்மாவிடம் வேறு நல்ல விரிப்பு கிடையாது என்பதால் இருட்டுவதற்குள் இறக்கி, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் அதை விரித்து, கட்டிலின் நடுவில் படுத்துக்கொள்கிறாள்.