பணியாளர் 'அ' யார்?

இடலினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் பரீட்சைக்குப் போய் நிற்பதே ஒரு கூத்து. அதற்கு மேல் கணவன் நேலியோவின் கிண்டல் வேறு.

"நம்ம போர்ச்சுகல்ல காலேஜ் படியை மிதிச்சாலே டாக்டர்னு கூப்பிடுறான். நீ எதுக்குடி நிஜமாவே வாங்கணும்னு துடிக்கிற?" என்று டை கட்டிக்கொண்டே கேட்டான்.

"நிஜமா வாங்கினா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான். நேரா நில்லு, முடிச்சு கோணலா இருக்கு."

அவள் புதிதாக எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளை இருபத்தாறு வருஷம் காவல் காத்தவள். செய்த வேலைகளைத் தொகுத்து, அதில் தன் சொந்த மூளை எவ்வளவு என்று நூறு பக்கம் விளக்கி, நடுவர்கள் முன்னால் வாதாடி ஜெயித்தால் முனைவர் பட்டம். பல்கலைக்கழகம் அப்படி ஒரு வழி வைத்திருக்கிறது. குறுக்கு வழி என்று எவராவது முனகினால், அவரைக் கொண்டுபோய் இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

தொகுப்புக்கு உயிரே ஓர் அறிக்கைதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், 'டேங்கர் நேரம் மாற்றம்' என்று வந்த ஒரு போலி மின்னஞ்சலைச் சங்கத்தில் யாரோ திறந்துவிட்டார். ஒன்றோடொன்று இணைந்திருந்த கணினிகள் மொத்தமும் முடங்கின. நாலு நாள் பால் கொள்முதல் இல்லை. விவசாயிகள் கறந்த பாலை வயலில் கொட்டினார்கள். அந்த ஆளின் பெயரை மறைத்து, 'அதிகாலைப் பணியில் இருந்த பணியாளர் அ' என்று எழுதியிருந்தாள் இடலினா. திறந்த நொடியில் அந்த ஆள் என்ன நினைத்தார், தப்பு என்று தெரிந்த பிறகும் ஏன் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை, எல்லாம் அதில் இருந்தது. பயந்து மறைத்த அந்த ஒரு மணி நேரம்தான் சங்கத்தை முடக்கியது என்பது அவள் கண்டுபிடிப்பு. அதைப் படித்துவிட்டு எத்தனையோ நிறுவனங்கள், தப்பை ஒப்புக்கொள்பவரைத் தண்டிப்பதையே நிறுத்திவிட்டன.

வாதம் நடக்கும் கூடத்துக்குள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நேலியோ வந்திருந்தான், ஆபீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். சங்கத்தில் பால் எடை போட்டு ஓய்வு பெற்ற அடெரிட்டோவும், கல்யாணத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பேராசிரியை க்ளோட்டில்ட் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"நாப்பத்தி மூணாம் பக்கம். பணியாளர் அ-வோட மனசுல ஓடினதை ஒண்ணு விடாம எழுதியிருக்கீங்க. பேட்டி எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படித் தெரியும்? சரி, அவரே சொன்னார்னு வச்சுக்குவோம். சம்மதக் கையெழுத்து எங்க? தொகுப்பு முழுக்கத் தேடிட்டேன். சம்மதம் இல்லாம ஒருத்தர் மனசைக் கடை விரிச்சதுக்கு நாங்க பட்டம் கொடுக்க முடியாதும்மா. இந்த அறிக்கையை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது போதாது."

எத்தனையோ கேள்விக்குத் தயாராகி வந்த இடலினா, இந்த ஒரு காகிதத்தை நினைத்தே பார்க்கவில்லை. ரகசியம் காக்க அதை அழித்துவிட்டேன் என்று சொன்னால் போதும், க்ளோட்டில்ட் நம்பிவிடுவார். இந்தத் தொழிலில் காகிதம் அழிப்பது தினசரி வேலை. பொய் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தேவிட்டது. ஆனால் என்ன செய்ய, பயந்து மறைப்பதைப் பற்றியே நூறு பக்கம் எழுதிவிட்டு அதையே செய்ய அவளுக்குக் கேவலமாக இருந்தது. போனால் போகட்டும் பட்டம்.

"சம்மதம் வாங்கலைங்க," என்றாள். "என்கிட்ட நானே கையெழுத்து வாங்கணும்னு தோணலை. பணியாளர் அ நான்தான்."

கணினியைக் காக்க வந்தவளே கதவைத் திறந்துவிட்டாள் என்றால்! பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். நேலியோ திரும்பி முறைத்ததில் அடங்கிப்போனான்.

நடுவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். இருபது நிமிஷம் அவளுக்கு இருபது வருஷமாக நகர்ந்தது. திரும்பி வந்த க்ளோட்டில்ட், "ஒருமனதா பட்டம் கொடுக்கிறோம்," என்றார். "நாப்பத்தி மூணாம் பக்கத்துல மட்டும் ஒரு வரி சேர்த்துடுங்க. என்ன வரின்னு நான் சொல்லணுமா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, இடலினா நேலியோவைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அடெரிட்டோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ அது நான் இல்லையா, இன்ஜினியரம்மா?"

"எது, சென்யோர் அடெரிட்டோ?"

"எனக்கும் அந்த மெயில் வந்துச்சு. அன்னிக்கு அதிகாலையில நானும் திறந்தேன். நீங்க பேரைப் போடாம என்னைக் காப்பாத்திட்டீங்கன்னு நெனச்சேன். அந்த நன்றிக்குத்தான் கிறிஸ்துமஸ் தவறாம உங்க வீட்டுக்கு ஆட்டுப்பால் சீஸ் அனுப்பினேன்!"

ஐயோ! பதினோரு கிறிஸ்துமஸ் அதை ருசித்துச் சாப்பிட்டவள் இவள்.

"உங்க எடை ரூம் கம்ப்யூட்டர் சங்கத்து நெட்வொர்க்கோட சேராம தனி லைன்ல ஓடின பழைய மெஷினாச்சே. அங்க திறந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"எப்படிக் கேப்பேன்? பயம்!"

இடலினாவுக்கு மனசு பிசைந்தது. தன் பேரை மறைக்க எழுதிய ஒரு வரி, இந்த நல்ல மனுஷன் தலையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறதே. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம்," என்று அவர் அவசரமாகப் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். "என் பொண்டாட்டி சுல்மிராகிட்ட என் தப்புன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க."

இடலினா போனை வாங்கி, திணறாமல் சொன்னாள். "டோனா சுல்மிரா, அந்த மெயிலைத் திறந்து சங்கத்தை முடக்கினது நான். உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை."

"அப்படின்னா அந்த மனுஷனை உடனே கிளம்பச் சொல்லுங்க," என்றாள் சுல்மிரா. "எங்கண்ணனும் அந்த நாலு நாள் பாலை வயல்ல கொட்டினவர். அவர் முகத்துல முழிக்க முடியாதுன்னு பதினோரு வருஷமா எங்கண்ணன் வீட்டு வாசப்படியை இவர் மிதிக்கலை. இன்னிக்கு மத்தியானம் எங்களுக்கு அங்கதான் சாப்பாடு."