பனிக்குள் குனிந்தவன்

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், ரொக்காஸ்பினா மலையூருக்குக் கேமராவும் கையுமாக ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடி, பழைய கோட்டைக் கோபுரமும் கோயில் மணிமாடமும் மட்டும் மேலே தலைநீட்டுகிற அந்த ஒரு படத்துக்காக மிலானிலிருந்தும் பொலோன்யாவிலிருந்தும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், எந்த மதில்மேல் நின்றால் எந்த வெளிச்சம் வாய்க்கும் என்று காட்டுவதுதான் ஓர்னெல்லாவின் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அன்றும் விடியலிலேயே கூட்டத்தை மதில்மேல் ஏற்றிவிட்டாள். அப்புறம் இன்னும் இரண்டு மலையூர்களைச் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ரோமில்தாவின் கடைக்குக் கூட்டி வந்தாள். சாப்பிட்டதும் துய்லியோ தன் நாய் பேப்பாவோடு ஓடையோர ஓக் மரத்தடியில் ட்ரஃபிள் தேடிக் காட்டுவதாக ஏற்பாடு. மண்ணுக்கடியில் விளைந்து தங்க விலை போகிற அந்தக் காளானை நாய் மோந்து தோண்டுவதைப் படமெடுக்கக் கசக்கிறதா யாருக்காவது?

இந்த ஏற்பாட்டால்தான் முந்தின நாள் வீட்டில் ரகளை. ஓர்னெல்லாவின் புருஷன் எலிஜியோவும் ட்ரஃபிள்காரன்தான். போன குளிர்காலத்தில் அவனுடைய நாய் மோரா, யாரோ வைத்த விஷ உருண்டையைத் தின்று அடுப்படித் தரையிலேயே துடிதுடித்துச் செத்தது. அந்தத் தொழிலில் நல்ல மூக்குள்ள நாய் யாரிடம் இருக்கிறதோ, காடே அவனுடையது மாதிரி. அதனால் போட்டிக்காரன் நாய்க்கு இறைச்சியில் விஷம் வைக்கிற பாவிகள் எல்லா ஊரிலும் உண்டு. எலிஜியோ துய்லியோவைக் கை காட்டினான். ஊரும் நம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்று துய்லியோவின் காதுபடவே பேசினார்கள். பாரில் அவன் காபி குடிக்க நின்றால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து போய்விடுவான். ஓர்னெல்லா அவன் வீட்டு வாசலில் காறித் துப்பியே விட்டு வந்தாள். இந்த வருஷம் வேறு நாய் கிடைக்காமல், வெட்கத்தை விட்டு அவன் கதவைத் தட்டினாள். அவனும் ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் சரி என்றான்.

“என் மோராவைக் கொன்னவன்கிட்டயா உன் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போற? உனக்கு வெக்கமா இல்ல?” என்று குதித்தான் எலிஜியோ.

“வேற நாய் வளருன்னா அதுவும் மாட்டேங்கிற. நான் என்ன, ஆட்டுக்குட்டியை விட்டா மோந்து பாக்கச் சொல்றது?”

“எந்த இடத்துக்குப் போறீங்க?”

“ஓடைக்கரை ஓக் மரத்தடிக்கு. போதுமா?”

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

இப்போது ரோமில்தாவின் கடையில் பாஸ்தா தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. துய்லியோவும் நாயோடு வந்து அதே மேசையில் உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் ஒருத்தி, பொலோன்யாவில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்ற விவியானா அம்மாள், தன் கேமராவை ஓர்னெல்லாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதைப் பாரேன், காலையில மதில்மேல இருந்து எடுத்தது. பனி விலகின இடத்துல ஒரு ஆளு. இந்த ஒரு ஆளு இல்லேன்னா இந்தப் படத்துல ஒண்ணுமே இல்ல. பெரிசாக்கிக் காட்டட்டுமா?”

பெரிதாக்கினாள். ஓக் மரத்தடியில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் குனிந்திருந்தான். முழங்கையில் நீல ஒட்டு. அதைத் தைத்தவள் ஓர்னெல்லாதான். பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட டப்பா, அதுவும் அவள் வீட்டு டப்பா. ராத்திரி மிஞ்சிய இறைச்சி உருண்டைகளை அதில்தான் போட்டு வைத்திருந்தாள். காலையில் காணோம். எலிஜியோ பசிக்குத் தூக்கிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த படத்தில் அவன் ஒரு உருண்டையை வேரோரம் வைத்து இலை போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

ஓர்னெல்லா திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். தன் கையால் பிசைந்து உருட்டிய உருண்டை! மேசைக்கடியில் பேப்பா அவள் செருப்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“எந்திரிங்க, எந்திரிங்க,” என்று மிச்ச ஒயினை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் துய்லியோ எழுந்தான். “வெளிச்சம் இருக்கும்போதே போயிருவோம். பேப்பா, வாடி ராசாத்தி.”

வெளிச்சம் சரியில்லை, வேறு இடம் போகலாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். புருஷன் மானம் தப்பும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு? இந்த நாயோ வேறு நாயோ அந்த மரத்தடிக்கு வராமலா இருக்கும்?

“துய்லியோ, நாயை வேன்ல போட்டுப் பூட்டு,” என்றாள். “ஓக் மரத்தடியில விஷம் வச்சிருக்கு.”

துய்லியோ பேப்பாவின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டான்.

“யாரு சொன்னா?”

அவள் கேமராவை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு படத்தையும் பார்த்தான்.

“சட்டையையாவது மாத்திட்டு வந்திருக்கலாம்,” என்றான்.

ஓர்னெல்லா அங்கேயே நின்று எலிஜியோவுக்குப் போன் போட்டாள். “ஓடைக்கரைக்கு வா. வச்சதை உன் கையாலேயே எடுக்கணும். வரலேன்னா போலீஸ் வரும். உன் படம் எங்கிட்ட இருக்கு.” அவன் பதில் சொல்லும் முன் வைத்துவிட்டாள்.

வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் தள்ளி நின்றது, ஒருவர்கூடக் கேமராவைத் தூக்கவில்லை. எலிஜியோ மண்டியிட்டு இலையைக் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டான்.

“எத்தனை வச்சே?” என்று கேட்டாள்.

“ஆறு.”

பையில் ஐந்துதான் இருந்தது. ஓடையிலிருந்து மறுபடி பனி ஏறத் தொடங்கியிருந்தது. அவன் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தவழ்ந்தான்.

“இதுவா… அதோ அந்த மரமா… பனியில எல்லாம் ஒண்ணாத் தெரிஞ்சுது.”

“நல்லா யோசி, பாவி! நாய் தின்னு சாகணுமா?”

“யோசிச்சுட்டுத்தான இருக்கேன்! போன வருஷமும் இப்பிடித்தான், வச்சதுல ஒண்ணை எங்கன்னு கண்டுபிடிக்கவே முடியல. மறுநாளே மோரா…”

வாயை மூடிக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

மோரா செத்த அன்று சுவரில் தலையை முட்டி முட்டி அழுதானே, அது நடிப்பில்லை. நிஜமாகத்தான் அழுதான். அதுதான் ஓர்னெல்லாவுக்குத் தாங்கவில்லை. அழுத கண்ணைத் துடைத்த கையோடு அடுத்தவன்மேல் பழி போட்டானே, எப்படி மனசு வந்தது? அதை நம்பி இவள் போய் அந்த வாசலில் துப்பினாளே!

துய்லியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். “ஒரு வருஷம்டா, எலிஜியோ,” என்றான். “என் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து வச்சேன். இந்த ஊருலேருந்து ஒரு ஆளு வரல.”

எலிஜியோ நிமிரவே இல்லை. பனி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. ஆறாவது உருண்டை இன்னும் எங்கேயோ கிடந்தது. ஓர்னெல்லா புருஷனைத் தாண்டிப் போய்த் துய்லியோவின் பக்கத்தில் மண்டியிட்டு, இலைகளை விலக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

விவியானா அம்மாள் அவளருகே வந்து மெல்லக் கேட்டாள். “அந்தப் படத்தை அழிச்சிரட்டுமாம்மா?”

“அழிக்காதீங்க,” என்றாள் ஓர்னெல்லா, தலையைத் தூக்காமலே. “எவ்வளவு பெரிசாப் போட முடியுமோ அவ்வளவு பெரிசாப் போட்டுக் குடுங்க. ஊர் பாக்கணும்.”