சாய்ந்த எழுத்து

வெள்ளிக்கிழமை மொச்சைக் குழம்பு என்று கதையில் தெளிவாக எழுதியிருந்தது. இன்று வெள்ளிக்கிழமை. அடுப்படியிலிருந்து வந்ததும் மொச்சை வாசம்தான்.

முத்துராஜ் வாசலிலேயே நின்றான்.

காலையில் அவனுடைய தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் கருத்தப்பாண்டிதான் செல்லை நீட்டினான். தறி ஓடும் இரைச்சலில் இரண்டு பேர் காதிலும் பஞ்சு. கத்தித்தான் பேச வேண்டும்.

“அண்ணே, மதினி செல்லுல தொடர்கதை எழுதுறாகளாம்ல! எங்க வீட்டுக்காரி அதைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கா. படிங்க. படிச்சிட்டு மத்தியானம் கடையில சாப்பிட்டுக்கோங்க!”

தன் செல்லுக்கும் அதை அனுப்பச் சொல்லிப் படித்தான்.

‘காலையில் அவர் சட்டையை மடித்து வைத்தேன். இன்னும் இரண்டு நாள்தான் இவன் உயிர். வீட்டுக்கு வந்தும் காதுப் பஞ்சை எடுக்க மாட்டார்; நான் பேசுவது எதுவும் உள்ளே போகாது. வெள்ளிக்கிழமை மொச்சைக் குழம்பில் வேலையை முடித்துவிடலாம்.’

ஒரு வரியில் அவர், அடுத்த வரியில் இவன். ஆத்திரத்தில் எழுதியிருப்பாள் போல. சட்டை, பஞ்சு, மொச்சை எல்லாம் அவனேதான். அந்த மொச்சையைச் சந்தையில் பொறுக்கி வாங்கி வந்ததும் அவனேதான்.

“நீயும் வாடா, வீட்டுல சாப்பிடலாம்.”

“எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குண்ணே!”

இப்போது தட்டு முன்னால் இருந்தது. அனுசியா குழம்பை ஊற்றிக்கொண்டே என்னவோ சொன்னாள். வழக்கம்போலத் தலையை ஆட்டி வைத்தான். சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள்?

“மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் செல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். எட்டிப் படித்தவள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

“எந்தக் கூறுகெட்டவ இப்படி அனுப்புனது? இதுல ரெண்டு பேரு பேசுறாகங்க! ஒண்ணு பொண்டாட்டி. இன்னொண்ணு புருசனோட கூட்டாளி, விருந்துக்கு வந்து வெசம் வைக்கப் போறவன். ரெண்டு பேருமே ‘நான்’னுதான் சொல்லுவாக. யாரு பேசுறான்னு பேரு போட்டா சப்புன்னு போயிரும். அதான் அவன் மனசை மட்டும் சாஞ்ச எழுத்துல போட்டேன். காப்பி பண்ணி ஒட்டுனதுல அம்புட்டும் நிமிந்துருச்சு!”

தன் செல்லில் கதையைத் திறந்து காட்டினாள். உயிர் சாய்ந்திருந்தது. மொச்சைக் குழம்பு சாய்ந்திருந்தது. கொலை மொத்தமும் சாய்ந்திருந்தது.

முத்துராஜுக்கு மூச்சு வந்தது. ஒரு கவளம் பிசைந்து வாயருகே கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தினான். திரையில் சாயாமல் இரண்டு வரிகள் மிச்சம் இருந்தன. சட்டை ஒன்று. பஞ்சு ஒன்று.

“இது... பொண்டாட்டி சொல்றதா?”

அனுசியாவின் உதடு அசைந்தது. அவன் காதில் எதுவும் விழவில்லை.

கவளத்தைத் தட்டிலேயே போட்டான். இடது கையால் ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினான். பிறகு மற்றதையும்.

“என்ன சொன்ன?”