மூன்று வேட்டிக் கூடாரம்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் மெல்லத் தரையை விட்டு எழும்பி, முட்ட வரும் கிடாயைப் போல ஒரு சாண் உயரத்தில் நின்றது. பின்னால் கட்டியிருந்த பட்டாளத்துக் கூடாரம் இருபத்தாறு வீசை எடை. அதற்கும் பின்னால் மிச்சமிருந்த நாலு விரல் இடத்தில் இருதயம்மாள் உட்கார்ந்தாளோ இல்லையோ, வண்டி தன் குணத்தைக் காட்டிவிட்டது. ராயப்பன்பட்டி மேலத்தெருவில் அன்று வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். போனவர்களிலும் பாதிப்பேர் சேதி கேட்டுத் திரும்பி வந்திருந்தார்கள்.

"ஏலே மிக்கேலு, வண்டி மலைக்குப் போகுதா, மோட்சத்துக்குப் போகுதா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

மிக்கேல் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். பர்மாச் சண்டையில் நாலு வருஷம் லாரி ஓட்டிவிட்டுப் போன வருஷம்தான் ஊர் திரும்பியிருந்தான். பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் ஏலம் போட்டபோது இந்த வண்டியையும் கூடவே அந்தக் கூடாரத்தையும் எடுத்தவன் அவன்தான். தான் செய்த நல்ல காரியங்களில் இரண்டாவது என்று அதைச் சொல்லிக்கொள்வான். முதலாவது எது என்று அவன் பெண்டாட்டி இருதயம்மாள் கேட்டதில்லை, தெரியும்.

"ரெண்டு ஆபீசருக நீட்டி நிமிந்து படுக்குற டெண்டு இது" என்றான்.

"படுத்தாக, சரி. தூக்குனது யாரு?" என்றாள் இருதயம்மாள்.

"கோவேறு கழுதை."

"இங்கன யாரு கழுதை?"

இருதயம்மாள் இறங்கிச் சேலையை உதறிக்கொண்டாள். முன்சக்கரம் தொப்பென்று தரைக்கு வந்தது. தெரு கைதட்டியது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அதற்குள்ளேயே கொஞ்சம் அழுகையும் இருந்தது. ஏனென்றால் கூடாரம் இல்லாமல் அந்த மலைக்குப் போய் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவள் தங்கச்சி ரோசம்மாள் மேகமலையில் தேயிலைத் தோட்டத்தில் வாக்கப்பட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் தோட்டத்துத் துரை ஒரு சட்டம் போட்டிருந்தான்: சாயங்காலச் சங்கு ஊதிய பிறகு வெளியாள் எவரும் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் தங்கக்கூடாது. அப்பனாயிருந்தாலும் சரி, ஆத்தாளாயிருந்தாலும் சரி, கேட்டுக்கு வெளியேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருதயம்மாள் கால்நடையாக மலையேறிப் போனாள். போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதப் போகிற நேரம். கேட்டின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள், நடுவில் குறுக்கே போட்ட மூங்கில். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் பேசினார்கள். கொண்டுபோன முறுக்கு மட்டும் உள்ளே போயிற்று.

போன ஐப்பசியில் அவர்களுடைய அம்மா செத்துப்போனாள். சேதி மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ரோசம்மாளுக்கு லீவும் கிடைக்கவில்லை. அம்மா எப்படிச் செத்தாள், கடைசியாக என்ன சொன்னாள், எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. இதையெல்லாம் கடுதாசியில் எழுத முடியுமா? கேட்டுக்குக் குறுக்கே நின்று கத்த முடியுமா? ஒரு ராத்திரி வேண்டும். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக் காலை மேலே போட்டுக்கொண்டு பேசின மாதிரி ஒரே ஒரு ராத்திரி. அது இல்லாமல் அம்மா இன்னும் முழுசாகச் சாகவில்லை என்று இருதயம்மாளுக்குப் பட்டது.

மிக்கேல் யோசித்தான். கேட்டுக்கு வெளியே கூடாரம் போட்டால் எவன் கேட்பான்? யோசனை என்னவோ நல்ல யோசனைதான். கூடாரம்தான் சரியில்லை.

அப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பஞ்சு வியாபாரியிடம் தார்ப்பாய் இரவல் வாங்கி வந்தான் மிக்கேல். பாதி எடைதான், ஆனால் அதன் நாற்றத்தில் இரண்டு கோழிகள் வீட்டை விட்டு ஓடின. கோரைப்பாய் லேசு, மடித்தால் முறியும், சுருட்டிக் கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். கம்பளி வெதுவெதுப்பாக இருக்கும். "நனையுற வரைக்கும்தான் அது கம்பளி. நனைஞ்சா எருமை" என்று மிக்கேலே தள்ளிவிட்டான். புதுத்துணி எடுக்கலாம் என்றால் எல்லாம் கண்ட்ரோல். கார்டுக்குக் கிடைக்கிற கெஜத்தில் அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்தாலே கை குட்டையாகிறது.

எட்டாம் நாள் காலையில் இருதயம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மிக்கேலின் மூன்று வேட்டிகள், எட்டு முழம், நல்ல மல். கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது.

"அடி பாதகத்தி, அது கல்யாண வேட்டி!"

"இருக்கட்டும். நீங்கதான் எந்நேரமும் டவுசர்ல திரியுறீகளே."

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு எதைக் கட்டுறது? டவுசரோட நன்மை வாங்கப் போனா சாமியார் நாக்குல அப்பம் வைக்க மாட்டாக."

"அப்ப வாயை நல்லாத் திறந்து காட்டுங்க."

மூன்றையும் நீளவாட்டில் சேர்த்து இரட்டைத் தையலாக அவளே கையால் தைத்தாள். கயிறு ஓட ஒரு மடிப்பு, ஓரத்தில் முளை அடிக்க எட்டுக் காது. கம்பை மலையில் வெட்டிக்கொள்ளலாம். எல்லாம் சரி, மழைக்கு என்ன செய்வது? மல் துணியில் மழை பெய்தால் மாவு சலித்த மாதிரி உள்ளே கொட்டும். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. உயிர்த்த ஞாயிறு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள் ஒரு கூடை இருக்கும்.

கோயில்பிள்ளை ஏசுதாசன் கூடையைக் கொடுக்கத் தயங்கினார். "மந்திரிச்ச மெழுகு ஆத்தா. அவமரியாதையா எதுலயும் பூசிரக் கூடாது."

"அக்காளும் தங்கச்சியும் படுக்கப் போற துணி, தாத்தா. இதுல என்ன அவமரியாதை?"

அவர் கூடையைக் கவிழ்த்தே கொடுத்துவிட்டார்.

துணியை உச்சிவெயிலில் களத்துப் பாறைமேல் விரித்து, உருக்கின மெழுகைக் கந்தையால் தேய்த்தார்கள். பாறைச் சூட்டில் மெழுகு நூலுக்குள் இறங்கி, வெள்ளைத் துணி வெண்ணெய்க் காகிதம் மாதிரி ஆயிற்று. கட்டிப் பார்த்து, மிக்கேலை அடியில் உட்காரவைத்து, ஆறு குடம் தண்ணீரை ஊற்றினாள் இருதயம்மாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஏழாவது குடத்தை வேண்டுமென்றே பக்கவாட்டில் ஊற்றினாள், அது தனிக்கதை. சீனிச்சாமி கடைத் தராசில் வைத்தபோது இரண்டு வீசைக்குச் சற்றுக் குறைவு. ஒரு தலகாணி அளவு. "அடி ஆத்தி, இதைப் பொடிப்பயகூட இடுப்புல சொருகிக்கிட்டுப் போவானே" என்று சீனிச்சாமி மெச்சினார். இருதயம்மாளுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மெழுகை உருக்கி ஊட்டியது வெயில். அந்த வெயில் சின்னமனூர் ரோட்டிலும் அடிக்கும் என்பது பர்மா வரை லாரி ஓட்டினவனுக்கும் தோன்றவில்லை, மூன்று வேட்டியை ஒன்றாக்கின கெட்டிக்காரிக்கும் தோன்றவில்லை. அதோடு மூட்டையை அவர்கள் கட்டிய இடம் புகைக்குழாய்க்கு நேர்மேலே.

போகிற வழி முழுக்க அவளுக்குச் சந்தோஷம். வண்டி குலுங்கிய குலுக்கலில் எலும்பெல்லாம் இடம் மாறியது, ஆனாலும் அவள் பாடிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு கீழே விரிந்து, வயல்கள் சிறுத்து, காற்றில் குளிர் ஏறியது. கல் ரோட்டில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மூட்டையை அவிழ்த்தாள்.

மூட்டை அவிழ்ந்தது. கூடாரம் அவிழவில்லை. கீழ்நாட்டு வெயிலில் உருகி, மேல்நாட்டுக் குளிரில் இறுகி, மூன்று வேட்டியும் மடிப்போடு மடிப்பாக ஒட்டி ஒரே பாளமாக இருந்தது. மிக்கேல் ஒரு முனையை இழுத்தான். அவள் ஒரு முனையை இழுத்தாள். கல்யாண வேட்டி "டர்ர்" என்றது. எதிரே மலைமுகட்டில் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது கோடை மழை.

இருதயம்மாள் அந்தப் பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். "இந்தத் தடவையும் முறுக்குதான் உள்ள போகும்போலிருக்கு" என்றாள். மிக்கேலுக்கு அவளைப் பார்க்கத் தாங்கவில்லை. "பட்டாளத்துல டெண்டு போடத்தான் சொல்லிக் குடுத்தாக, உரிக்கச் சொல்லிக் குடுக்கலயே" என்று தானே தன்னை வைதுகொண்டான்.

கேட் வாச்சர் சுருளியாண்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒல்லியான மனிதர், காதுவரை கம்பளி போட்டு, தகரக் கொட்டகைக்குள் கணப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து பாளத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னத்தா இது, கருப்பட்டிச் சிப்பமா?"

"கூடாரம்."

அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய புண்ணியம். "உள்ள விடச் சொல்லி மட்டும் கேட்டுறாத. விட்டா எஞ்சோத்துல மண்ணு. கணப்பு இருக்கு, காட்டி உரி" என்றார்.

மூவருமாகக் கணப்பைச் சுற்றிக் குந்தி, பாளத்தை அனலில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மெழுகு இளக இளக, வாழைமட்டையை உரிப்பதுபோல ஒவ்வொரு மடிப்பாக உரிந்தது. மூன்று இடத்தில் கிழிசல். இருதயம்மாள் கொண்டையில் நூலோடு செருகியிருந்த ஊசியை எடுத்து அங்கேயே தைத்து, ஒழுகிய மெழுகை அதன்மேலேயே தேய்த்தாள். சுருளியாண்டி இரண்டு கம்பு வெட்டிக் கொடுத்தார். கேட்டுக்கு நாலு எட்டு இந்தப் பக்கம், ரோட்டோரப் புல்லில், ஆயிரம் சுருக்கத்தோடு கூடாரம் எழுந்து நின்றபோது சங்கு ஊதியது.

அக்கா வந்த சேதி கேட்டு, கொழுந்துக்கூடையைக்கூட இறக்கி வைக்காமல் ரோசம்மாள் ஓடி வந்தாள். மெலிந்திருந்தாள். கன்னத்தில் குளிர் வெடிப்பு. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா" என்றவள், அடுத்த பேச்சுப் பேசுவதற்குள் மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்டிருந்துக்கா கோயில் வாசம் அடிக்குது?"

இருதயம்மாள் வாச்சரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"வெளியாள் உள்ள தங்கக் கூடாதுன்னுதான் துரை சொன்னாக" என்றார் வானத்திடம். "உள்ளாள் வெளிய படுக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லல. விடியப் பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஆள் நின்னாச் சரி."

மூங்கில் உயர்ந்தது. அக்காளும் தங்கச்சியும் கட்டிக்கொண்டு நின்றதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழை முதல் துளி போட்டதும் இரண்டு பேரும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். ரோசம்மாளின் இரண்டு பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னால் நுழைந்தன. அப்புறம் பக்கத்து வீட்டு முருகம்மாள், "ஊர்லருந்து ஆள் வந்திருக்காமே" என்று எட்டிப் பார்த்தாள், அவளுக்குச் சொந்த ஊர் ஓடைப்பட்டி. "எட்டிப் பாத்தா நனைவ, உள்ள வா" என்றாள் இருதயம்மாள். அவளுக்குப் பின்னால் இருளம்மாள், அல்லிநகரத்துக்காரி. ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷமானவர்கள், ஒவ்வொருத்தியும் ஊர்ப்பேச்சு கேட்க வந்து, ஒவ்வொருத்தியும் மழைக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கென்று தைத்த கூடாரத்தில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர். மிக்கேல் எப்போது வெளியே தள்ளப்பட்டான் என்று அவனுக்கே தெரியாது.

நெருக்கியடித்துப் படுத்தபோது ரோசம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அம்மாவுக்கு எத்தனை திரி ஏத்துனாக?"

"ஆறு. பெரிய திரி."

"கஷ்டப்பட்டுச்சா?"

"கேளு. சாமியார் வந்து நெத்தியில எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் குடுத்தாக. நாங்க எல்லாரும் முழங்கால் போட்டு அழுதுக்கிட்டிருக்கோம். சாமியார் அங்கிட்டுப் படியிறங்குறாரு, இங்கிட்டு அம்மா கண்ணைத் தொறந்து, 'போயிட்டாரா?'ன்னுச்சு. போயிட்டாருன்னோம். 'அப்ப அந்தக் கருவாட்டுக் குழம்பை ஊத்துங்கடி, சாமியார் முன்னாடி கேக்க வெக்கமா இருந்துச்சு'ன்னுச்சு. ரெண்டு வட்டில் சோறு, ரோசு! உப்புப் பத்தலன்னு என்னைய வைதுச்சு. வைதுக்கிட்டே தூங்குச்சு. அதுக்கு விடியவே இல்ல."

பிறகு ரோசம்மாள் சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றால். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. "உப்புப் பத்தலன்னா வைதுச்சு!" என்று அக்காள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். முருகம்மாள் சிரித்தாள், இருளம்மாள் சிரித்தாள், என்னவென்று தெரியாமலே பிள்ளைகள் சிரித்தன. ஒன்பது பேர் குலுங்கியதில் கூடாரம் ஆடியது. தலைமாட்டுக் கம்பு சாய்ந்து, துணி மூக்குவரை இறங்கி வந்து, சட்டென்று மறுபடி நிமிர்ந்து நின்றது.

இருதயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். வாச்சரின் அரிக்கேன் விளக்கு அந்தப் பக்கம் எரிந்தது. மெழுகேறிய துணியில் மிக்கேலின் நிழல் பெரிதாக விழுந்திருந்தது. டவுசரும் முண்டாசுமாக, கொட்டுகிற மழையில், இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். உள்ளே ஒவ்வொரு தடவை சிரிப்பு வெடித்தபோதும் அந்த நிழலும் சேர்ந்து ஆடியது.