கரடியின் குரல்

ஐஸ் பெட்டியின் ப்ளக் எந்த சாக்கெட்டிலும் எட்டவில்லை. ஆண்கள் குனிந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லலிதாம்பாள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினாள். புருஷன் போன அன்றைக்கும் இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் தானே எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

காலையில் காப்பி குடித்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்த கல்யாணராமன் அப்படியே சாய்ந்துவிட்டார். பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாதென்று பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்க் வந்தது. வலியசாலைத் தெருவே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் 'கொடுத்து வெச்ச சாவு' என்று ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். லலிதாம்பாள் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஏற்ற இறக்கத்தோடு வாய்விட்டுப் படிக்கக் குழந்தைகளைப் பழக்குகிறவள். இப்படி ஒப்பிப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அதில் முதல் ஆள் பெட்டிக்குள் படுத்திருக்கிறவர்தான்.

கொரோனா சமயத்தில், பாடத்தில் வரும் கரடிக்கு ஆண் குரல் வேண்டுமென்று அவரைப் பிடித்து உட்கார வைத்துப் போனில் பதிவுசெய்தாள். தேனைப் பறிகொடுத்த கரடியின் கோபத்தை அவர் ஆபீஸ் சர்க்குலர் போல வாசித்தார். தொண்டையை வேறு கனைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு நடுவில் அடுக்களைப் பக்கம் திரும்பி, "லலிதா, அடுப்ப அணைச்சியோ?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவசரத்தில் அதை அப்படியே பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டாள். வருஷா வருஷம் அது புதுப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் அவள் எத்தனை உறுமிக் காட்டினாலும் பிள்ளைகளுக்குக் கரடி என்றால் அந்தக் குரல்தான். போன வாரம் வாசிப்புப் போட்டி மேடையில் அவள் வகுப்பு ஸ்நேகா கனைப்பும் அடுப்புமாக முழுசாகச் சொன்னாள். நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லலிதாம்பாளுக்கு மானம் போயிற்று.

நேற்று அவளே உறுமிப் பதிவுசெய்து அனுப்பினாள். பழையதை எல்லோரும் அழித்துவிட வேண்டுமென்று கண்டிப்பாக எழுதினாள். தன் போனிலும் அழித்தாள். "என் கரடிக்கு என்ன கொறைச்சல்?" என்று மட்டும் கேட்டார் கல்யாணராமன். ஒரு கையெழுத்துக்கு நூறு தடவை கெஞ்ச வைக்கிற பெற்றோர், 'அழிச்சாச்சு டீச்சர்' என்று வரிசையாகப் பதில் போட்டார்கள்.

மத்தியானம் பெங்களூரிலிருந்து ஸ்ரீநிவாஸ் வந்தான். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, ஒன் போன்ல அப்பா கொரல் ஏதாவது இருக்கோ? எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. போன் எடுத்தா, அம்மாட்ட குடுக்கறேன்னுடுவா."

"ஒண்ணு இருந்தது. நேத்திக்குத்தான் அழிச்சேன்."

அவன் மறுபடி அப்பா பக்கம் குனிந்துகொண்டான். திட்டியிருந்தாலும் தேவலை. அவள் குரூப்பில் கேட்டுப் பார்த்தாள். டீச்சர் பேச்சை எல்லோரும் ஒழுங்காகக் கேட்டிருந்தார்கள். என்றைக்கும் கேட்காதவர்களுக்கு இன்றைக்கென்று என்ன வந்தது? அவர்களையும் தன்னையும் சேர்த்து அறைய வேண்டும்போல் இருந்தது.

எடுக்க நேரமாகிறது என்று காரியம் பண்ணி வைக்கிற வாத்தியார் அவசரப்படுத்தும்போது ஸ்நேகாவும் அவள் அம்மாவும் உள்ளே வந்தார்கள். தன் போனிலும் இல்லையென்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லலிதாம்பாள் ஸ்நேகாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கரடி என்னடீ சொல்லும்? சொல்லு."

ஸ்நேகா கண்ணை உருட்டி, விரல்களை நகம்போல் விரித்து, புதுப் பதிவில் கேட்டபடி உறுமினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் முகத்தைச் சுளித்தார்.

"அது இல்லை. பழைய கரடி."

"அது வேண்டாம்னு டீச்சர்தானே பறஞ்சீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்போ சொல்லு."

ஸ்நேகா கைகளைத் தொங்கவிட்டாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "என் தேனைக் குடித்தது யார். உடனே சொல்லாவிட்டால் காட்டையே கலக்கிவிடுவேன்." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஸ்ரீநிவாஸ் தலையை நிமிர்த்தினான். பதிவில் இருந்தபடியே குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்பதற்காக ஸ்நேகா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லலிதா, அடுப்ப அணைச்சியோ?"

"அணைச்சுட்டேன்" என்றாள் லலிதாம்பாள். "நீங்க படிங்கோ."

ஸ்நேகா இன்னொரு தடவை கனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.